மஞ்சள் கரிசாலை என்று கொடுத்தார்கள், இலை வேறு மாதிரி இருக்கிறது. சமைக்கலாமா?

கீரைப்பாத்தி:
வணக்கம். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தெரிந்தவர் ஒருவர் கொடுத்த தண்டைத் தொட்டியில் நட்டேன். கணுவுக்குக் கணு வேர்விட்டு இப்போது தரையிலும் இறங்கிவிட்டது. பூ மஞ்சள்தான். ஆனால் இலை பளபளவென்று தடிப்பாக, இருபுறமும் காது மாதிரி மடல் விட்டிருக்கிறது. குழந்தைகளுக்கும் கொடுப்பதாக இருப்பதால் கேட்கிறேன்.

வேர்க்கணு:
தயவுசெய்து சமைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மடல்தான் அடையாளம். இது சிங்கப்பூர் டெய்சி, அதாவது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா போலத் தெரிகிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. அழகுக்காகத் தரையில் படரவிட்டே உலகெங்கும் பரவி, மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

மஞ்சள் கரிசாலை ஸ்பாக்னெட்டிகோலா கலெண்டுலேசியா. பழைய நூல்களில் வெடெலியா சைனென்சிஸ் என்று இருக்கும். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒடுங்கி, மடலே இல்லாமல், தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

பச்சிலை:
கசக்கினால் சாறு கறுக்கும் என்பார்களே, அப்படிப் பார்க்கலாமா?

வேர்க்கணு:
அது வெள்ளைக் கரிசாலைக்குச் சொல்வது. இங்கே இலை வடிவத்தைத்தான் நம்ப வேண்டும். தென் சீனாவில் இந்த இரண்டும் கலந்த இயற்கைக் கலப்பினமே பதிவாகியிருக்கிறது. அதனால் இலை இரண்டுங்கெட்டானாக இருந்தால், பூவோடு ஒரு கிளையைத் தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கீரைப்பாத்தி:
நன்றி. பழைய இலை, புது இலை எல்லாவற்றிலும் மடல் தெளிவாக இருக்கிறது. அப்போ எடுத்துவிடுகிறேன். எப்படி எடுப்பது?

பச்சிலை:
மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் வெட்டினால் விழும் ஒவ்வொரு கணுவும் புதுச்செடி ஆகிவிடும். பிடுங்கியதை உரக்குழியிலோ வாய்க்காலிலோ போடாமல், மண்ணில் படாதபடி தார்ப்பாயில் விரித்துச் சருகாகக் காயவிடுங்கள். ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம், கருச்சிதைவு ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் செடி இது.

வேர்க்கணு:
அப்புறம், நல்ல கரிசாலை வேண்டுமென்றால் வளர்ந்த செடியின் இலையைத் தடவிப் பார்த்தே தண்டு வாங்குங்கள். ஈரப்பாங்கான இடத்தில் நன்றாக வரும். ஆனால் அதே இடத்தில் உடனே நடாதீர்கள். பழைய கொடி மறுபடி துளிர்க்கிறதா என்று கொஞ்ச நாள் பார்த்துப் பிடுங்கிய பிறகு நடுங்கள்.