புதுப்பிப்பு: மீன்பிடிப்பதை நான் நிறுத்தவில்லை

இணைய ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் (ஒரு கதாபாத்திரத்தை ஏற்றுப் பலருடன் ஆடுபவை) 30ஆவது லெவலைத் தாண்டுவதற்குள் ஆர்வம் வற்றிவிடுவதாகவும், முதன்மைக் கதையை விட்டுவிட்டு மீன்பிடிப்பதிலும் மூலிகை சேகரிப்பதிலுமே மாலைப்பொழுது கரைந்துவிடுவதாகவும் மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணி) என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு விளையாடுமாறு சிலர் சொன்ன யோசனை நான்கு நாள்கள்கூடத் தாங்கவில்லை. விளையாட்டு அலுவலக வேலையைப் போலாகிவிட்டது. 1996இல் விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் இத்தகைய விளையாட்டாளர்களைச் சாதிப்போர், தேடித் திரிவோர், பழகுவோர், பிறரை வீழ்த்துவோர் என நான்காகப் பிரித்ததை வாசித்தபோதுதான், கவனச்சிதறல் என்று நான் நொந்துகொண்டதில் பாதி, வரைபடத்தின் மூலைமுடுக்குகளைப் பார்த்துவிடத் துடிக்கும் என் இயல்பே என்று புரிந்தது. ஆகவே மீன்பிடிப்பு தொடர்கிறது (அதில் எனக்குத் துளியும் வெட்கமில்லை).

உண்மையான சிதறல், குழு சேரக் காத்திருக்கும் நேரத்தில் கைபேசியை எடுப்பதுதான். எடுத்துவிட்டால், குழுவாகச் சென்று எதிரிகளுடன் மோதும் நிலவறைக்குள் நுழைந்த பிறகும் மனம் அதிலேயே நிற்கும். குணப்படுத்துபவராக விளையாடும் நான், தோழர் ஒருவரின் உயிர்ப்பட்டை சரிவதைக் கவனிக்கத் தவறுவேன். இப்போது கைபேசி அடுத்த அறையில் இருக்கிறது. தினசரிப் பரிசுக்காக மட்டும் உள்நுழைவதையும் விட்டுவிட்டேன். நேற்று 34ஆவது லெவலை எட்டினேன்.