உதவி: சுங்கை சிப்புட் மண் சாலையில் ஹைலக்ஸ் அடி இடிக்கிறது, 2 இன்ச் லிஃப்ட் போடலாமா?

செம்பனைப்பையன் | ஞாயிறு, இரவு 9.40
வணக்கம் அண்ணன்மார்களே. அவசரமாக ஒரு யோசனை வேண்டும். சுங்கை சிப்புட்டில் லிந்தாங் பக்கம் இருக்கிறேன், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுகிறேன். நிலத்துக்குப் போகிற மண் சாலையில் அடி இடிக்கிறது. மழை பெய்தால் இன்னும் மோசம். ஈப்போவில் ஒரு கடையில் 2 இன்ச் லிஃப்ட் (காடியைச் சக்கரத்துக்கு மேல் உயர்த்துவது) போட்டுத் தருகிறார்களாம், இந்த வாரம் வந்தால் விலை குறைவு என்கிறார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போடலாமா, வேண்டாமா?

ஜிம்னி_கோலகங்சார் | 9.52
எந்த ஹைலக்ஸ் தம்பி? பழசா, வீகோவா, ரெவோவா? 4x4 தானே?

ஈப்போ_டயர் | 9.58
டயர் அளவு என்ன? பக்கவாட்டில் எழுதியிருக்கும், அப்படியே பார்த்துப் போடுங்கள். டயர் தெரியாமல் உயரத்தைப் பற்றிப் பேச முடியாது.

சேற்றுப்புலி | 10.05
போடு தம்பி, யோசிக்காதே. என் வீகோவுக்கு முன்னால் உயரம் கூட்டும் ஸ்பேசர் கட்டை, பின்னால் ஸ்பிரிங்கைச் சேஸியோடு கோக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டுப் பல வருடம் ஆகிறது. காட்டுக்குள் இருக்கும் குவாலா மு கிராமம் வரைக்கும் போய் வந்தாயிற்று. ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் 4x4 போட்டி 1997-இல் இருந்து நம் காட்டில்தான் நடக்கிறது. அங்கே வருகிற காடிகளில் லிஃப்ட் இல்லாத ஒன்றைக் காட்டு பார்க்கலாம்.

காட்டுவழி | 10.21
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு எழுத வேண்டும். மாடல் இல்லை, வருடம் இல்லை, சுமை இல்லை, எங்கே இடிக்கிறது என்பதும் இல்லை. விவரம் எழுதத் தெரியாதவர் சஸ்பென்ஷனில் கை வைக்கவே கூடாது என்பது என் கருத்து. மற்றவர்களும் இதற்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டறைக்காரன் | 10.34
தம்பி, மேலே எழுதியதைப் பார்த்துப் பயந்து ஓடிவிடாதீர்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். காடியின் அடியில் எந்த இடம் இடிக்கிறது? நாளை காலை வெளிச்சத்தில் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். உராய்ந்த இடம் வெள்ளையாகப் பளபளக்கும். முன்னால் டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே உள்ள தகடு, நடுவில் கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டம், பக்கத்துப் படிக்கட்டு, பின்னச்சின் நடுவில் டிஃப்ரன்ஷியல் கியர் இருக்கும் உருண்டை, பின்னால் சரக்குத் தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்பேர் டயர் எல்லாவற்றையும் பாருங்கள். படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

செம்பனைப்பையன் | திங்கள், மதியம் 1.15
வீகோ 2.5, 2010, 4x4. டயர் 255/70ஆர்15. அப்பாவின் செம்பனை நிலம், வாரத்தில் சில நாள் குலை ஏற்றுகிறேன். அடியில் பார்த்தேன். பின்னச்சு உருண்டையின் கீழ்ப்பக்கம் கீறல் இருக்கிறது. ஸ்பேர் டயரிலும் படிக்கட்டிலும் அடிபட்ட தடம். முன்னால் ஒன்றும் இல்லை. படம் ஏற்ற முடியவில்லை, லைன் மெதுவாக இருக்கிறது.

ஜிம்னி_கோலகங்சார் | 1.30
எவ்வளவு குலை ஏற்றுவீர்கள்? ஒரு குலை 20 கிலோ என்று வைத்தாலே 50 குலைக்கு ஒரு டன் ஆகிவிடும்.

செம்பனைப்பையன் | 1.33
தொட்டி நிறைய.

பட்டறைக்காரன் | இரவு 8.10
சரி, இப்போது பேசலாம். தம்பி சொன்னதில் இரண்டு வேறு வேறு பிரச்சினை கலந்து கிடக்கிறது.

முதலில் பின்னச்சு உருண்டை. வீகோவின் பின்பக்கம் முழு அச்சு. அது சக்கரத்தோடு சேர்ந்தே இருக்கிறது, பட்டை ஸ்பிரிங் அதற்கு மேலேதான் உட்காருகிறது. அதனால் 2 இன்ச் இல்லை, 6 இன்ச் லிஃப்ட் போட்டாலும் உயர்வது சேஸியும் தொட்டியும்தான். உருண்டைக்கும் மண்ணுக்கும் உள்ள இடைவெளி அரை இன்ச் கூட ஏறாது. அது ஏற வேண்டும் என்றால் பெரிய டயர் ஒன்றுதான் வழி. கடைக்காரர் இதைச் சொன்னாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது ஸ்பேர் டயரும் படிக்கட்டும். இவை சேஸியில் தொங்குகிறவை. 2010 காடி, தொட்டி நிறையக் குலை என்றால் பட்டை தளர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். சோதிப்பது சுலபம். காடியைக் காலியாக, சமதரையில் நிறுத்தி ஸ்பிரிங்கைப் பக்கத்திலிருந்து பாருங்கள். மேல் பட்டை இரண்டு பக்கமும் மேலே வளைந்து நிற்க வேண்டும். நேராகப் படுத்துக் கிடந்தாலோ, நடு மேலே தூக்கிக்கொண்டு இருந்தாலோ பட்டை போய்விட்டது. அப்புறம் சேஸிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கட்டையைப் பாருங்கள். அச்சு அதில் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு மேலே வந்து மோதுகிறது என்று அர்த்தம்.

முன்னால் ஒன்றும் இடிக்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் முன்பக்கத்தைத் தொடாதீர்கள். வீகோவில் முன் டிஃப்ரன்ஷியல் சேஸியோடு கட்டியது. முன்னால் தூக்கினால் அது மேலே போகும், சக்கரம் கீழேயே நிற்கும். நடுவில் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்து ஓடும். அந்தச் சாய்வில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறிக்கும், சேறும் தண்ணீரும் உள்ளே போகும், கொஞ்ச நாளில் ஜாயின்ட் டக் டக் என்று சத்தம் போடும். 2 இன்ச் வரைக்கும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் காரணம் இல்லாமல் எதற்கு?

சேற்றுப்புலி | 8.31
அண்ணே, என் காடிக்கு ஸ்பேசர் போட்டு ஒன்றும் ஆகவில்லை. பூட் அப்படியே இருக்கிறது. இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை.

பட்டறைக்காரன் | 8.40
உங்கள் காடி நல்லபடி ஓடுவது சந்தோஷம். ஆனால் நீங்கள் காலி வண்டியில் காட்டுக்குப் போகிறீர்கள். இவர் வேலைக்குப் போகிறார், பாரம் ஏற்றுகிறார். பின்னால் நீள ஷேக்கிள் மட்டும் போட்டால் தளர்ந்த பட்டை தளர்ந்தபடியே இருக்கும், உயரம் மட்டும் பொய்யாக ஏறும். பாரம் ஏற்றியதும் பழைய இடத்துக்கே வந்து உட்காரும்.

இன்னொன்று. பல ஹைலக்ஸ்களில் பின்னச்சிலிருந்து ஒரு கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகும். சேஸி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. பின்னால் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், காடி காலி என்று அது நினைத்துக்கொள்ளும். ஒரு டன் குலையோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லிஃப்ட் போடுகிற எந்தக் கடையிலும் முதலில் இதைக் கேளுங்கள்.

காட்டுவழி | 8.58
ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விஷயத்தை யாரும் பேசவில்லை. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 இருக்கிறது. சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றினால் அனுமதி வேண்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

சேற்றுப்புலி | 9.02
தோட்டத்து மண் சாலையில் ஜேபிஜே எங்கே வருகிறது?

காட்டுவழி | 9.04
மண் சாலையிலிருந்து ஆலைக்குப் பறந்தா போவார்? தார்ச் சாலையில்தானே போக வேண்டும்.

பழைய_கிராணி | 9.30
தம்பிகளே, காடியை எவ்வளவு தூக்கினாலும் சாலை அப்படியேதான் இருக்கும். நான் தோட்டத்தில் வேலை பார்த்தவன். கித்தா (ரப்பர்) காலத்தில் பாலை சைக்கிளிலும் மோட்டாரிலும் ஸ்டோருக்குக் கொண்டு வருவோம், சாலை தாங்கியது. செம்பனைக்கு அப்படி முடியாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறைந்துவிடும். அதனால்தான் லோரி மழையிலும் நிற்காது. அந்த ஈரத்தில் ஓடித்தான் பள்ளம் விழுகிறது, நடுவில் திட்டு எழும்புகிறது. அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் ஓரத்து வடிகால் கானை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தீர்களா?

செம்பனைப்பையன் | 9.41
கேட்டோம் ஐயா. அது தோட்டத்துச் சாலை, நாங்கள் போகவிடுவதே பெரிது என்கிறார்கள்.

ஜிம்னி_கோலகங்சார் | 9.50
இது எல்லா இடத்திலும் இருக்கிற வயிற்றெரிச்சல்தான். சின்ன நிலக்காரர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு நாளைக்கு சாலையைச் சமன் செய்யும் கிரேடர் பிடிக்கலாமே?

சேற்றுப்புலி | 9.55
லோரிக்காரன் உடைத்த சாலைக்கு இவர் ஏன் காசு போட வேண்டும்? நியாயமே இல்லை.

பழைய_கிராணி | 10.02
நியாயம் பேசிக்கொண்டிருந்தால் குலை மரத்தடியிலேயே அழுகும் தம்பி. லோரிக்காரனும் கூலிக்குத்தான் ஓட்டுகிறான். கானை வெட்ட இரண்டு பேர், இரண்டு சாங்கூல் போதும்.

ஈப்போ_டயர் | 10.15
சாலைப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள், டயருக்கு வருவோம். 255/70ஆர்15 என்றால் மொத்த உயரம் 738 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 31 இன்ச் உயர டயர், 31×10.5ஆர்15 போட்டால் ஏறக்குறைய 787. வித்தியாசத்தில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும், அதாவது 24 மில்லிமீட்டர், ஒரு இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் உருண்டைக்கு அடியில் கிடைக்கும் உண்மையான உயரம் அது. முழுக்கத் திருப்பும்போது உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று கடையில் வைத்தே திருப்பிப் பாருங்கள். மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 106க்கு மேல் ஓடுவீர்கள். பாரம் ஏற்றுவதால் டயரின் சுமைக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள், விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஜிம்னி_கோலகங்சார் | 10.24
ஓட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. லோரித் தடத்தின் அகலம் வேறு, ஹைலக்ஸ் அகலம் வேறு. தடத்துக்குள்ளேயே இறங்கி ஓட்டினால் திட்டு உருண்டையில் இடிக்காமல் என்ன செய்யும்? ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றி, மற்றதை ஓரத்தில் வைத்து மெதுவாகப் போங்கள். ஈரமாக இருந்தால் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கும், அப்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள்.

பட்டறைக்காரன் | 10.40
டயர் தம்பி சொன்னது சரி. என் யோசனை இதுதான். முதலில் பின் பட்டையைப் பாருங்கள். போயிருந்தால் பாரத்துக்கு ஏற்ற புதுப் பட்டையும் புஷ்ஷும் அப்சார்பரும் போடுங்கள். காலியாக ஓட்டும்போது கொஞ்சம் குதிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போதைய டயர் தேய்ந்ததும் 31க்குப் போங்கள். லிஃப்ட் பணம் கையில் இருக்கட்டும். அப்புறம், காடியின் பதிவு கிராண்ட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு நடையாகப் போங்கள். புதுப் பட்டையும் அதே பாரத்தில் படுத்துவிடும்.

காட்டுவழி | 10.47
பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. இதையே முதலில் விவரத்தோடு கேட்டிருந்தால் இரண்டு பதிலில் முடிந்திருக்கும்.

சேற்றுப்புலி | 11.03
நான் இன்னும் லிஃப்ட் பக்கம்தான். ஆனால் பிரேக் வால்வு விஷயம் எனக்குத் தெரியாது. நாளை என் காடியில் பார்க்கிறேன். அந்தக் கம்பி எந்தப் பக்கம் இருக்கும் அண்ணே?

பட்டறைக்காரன் | 11.10
பின்னால் அடியில் படுத்து, அச்சிலிருந்து மேலே போகும் மெல்லிய கம்பியைத் தேடுங்கள், மேல் முனை பிரேக் குழாய்கள் சேரும் இரும்புக் கட்டையில் முடியும். இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், எவ்வளவு மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.

செம்பனைப்பையன் | சனி, மாலை 6.20
பட்டை நேராகப் படுத்திருந்தது, இடது பக்கம் ஒன்று விரிசல். இங்கேயே சுங்கை சிப்புட்டில் மாற்றிவிட்டேன். ஸ்பேர் டயர் இப்போது இடிப்பதில்லை. உருண்டை இன்னும் சில இடத்தில் தொடுகிறது. லிஃப்ட் கடைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி, குலை ஏற்ற நேரமாகிவிட்டது.

ஈப்போ_டயர் | 6.35
டயர் வாங்கும்போது எழுதுங்கள் தம்பி. பழைய ரிம்மின் அகலத்தையும் பார்த்து வையுங்கள்.

பழைய_கிராணி | 7.05
கானை வெட்டுகிற நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.