14 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? ஹெச்பிவி ஊசி பற்றிக் கிராம சபையில் என்ன கேட்கலாம்?

கண்மாய்க்கரை:
2025 மார்ச் தமிழ்நாடு பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி ஊசியை, அதாவது ஹெச்பிவி என்ற கிருமியால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை, படிப்படியாக இலவசமாகப் போடுவோம், அதற்கு 36 கோடி என்று அறிவித்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊரில் (சிவகங்கைப் பக்கம்) ஏழாவதோடு நின்று மில்லுக்கும் சூளைக்கும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் இவர்களை யார் கூப்பிடுவது? என் மூத்தவளுக்கு 15 முடிந்துவிட்டது. வெளியே ஒரு டோஸ் 2,000 ரூபாய் வாக்கில் சொல்கிறார்கள், அவள் வயதுக்கு மூன்று டோஸாம். நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் அது எங்கே முடியும்?

என் மதினி 41 வயதில் இந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் வெறும் வெள்ளைப்படுதல் என்று சொல்லி யாரிடமும் காட்டவில்லை. கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போவேன், சீட் கறையாகிவிடும் என்று துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவாள், இறங்கும்போது ஒருதடவை சீட்டைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் மகளிர் குழு தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். எப்படி எழுதினால் எடுபடும்?

ஊர்நர்ஸ்:
"எல்லோருக்கும் ஊசி வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஃபைலில் தூங்கிவிடும் அக்கா. உங்கள் ஊராட்சியில் 9 முதல் 14 வரை எத்தனை பெண் பிள்ளைகள், அதில் பள்ளிக்குப் போகாதவர்கள் எத்தனை பேர், எந்தத் தெரு என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். அங்கன்வாடி டீச்சரும் கிராம சுகாதாரச் செவிலியரும் கூட உட்கார்ந்தால் இரண்டு நாளில் முடிகிற வேலை. தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு 2022 இல் பரிந்துரைத்ததே 9–14 வயது முழுவதற்கும்தான், அதையும் சேருங்கள். நகலைத் திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று, 30 வயது தாண்டிய அம்மாக்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி போக்காது.

வைகைக்கரையான்:
எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். 2010 இல் ஆந்திராவில் இந்த ஊசி போட்டுப் பிள்ளைகள் இறந்ததாகப் படித்தேனே?

அம்பிளிக்கை பக்கத்து ஊர்:
நியாயமான பயம் சார். அப்போதைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த திட்டம் அது, 7 பிள்ளைகள் இறந்தார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, தண்ணீரில் மூழ்கியது என்று காரணங்கள் வேறு, ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது பெரிய தப்பு. அதனால் தீர்மானத்தில் தமிழில் ஒப்புதல் படிவம், அதற்கு முன்னால் பெற்றோர் கூட்டம் இரண்டையும் கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிரச்சினையில் நாட்டில் நடந்துகொண்டிருந்த வேறொரு ஹெச்பிவி ஆய்விலும் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள், அதன் மையங்களில் ஒன்று எங்கள் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. ஒரே டோஸோடு நின்றுபோன பிள்ளைகளைப் பத்து வருடம் விடாமல் கவனித்ததில், அந்த ஒரு டோஸே, இந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஹெச்பிவி 16, 18 வகைக் கிருமிகளின் நீடித்து நிற்கும் தொற்றைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்தது தெரிந்தது. இன்று சிறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு அதுவும் ஒரு ஆதாரம். 36 கோடியில் இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குப் போடலாம் என்று நாம் கேட்பதற்கும் அதுதான் பலம்.

யாழ் டீச்சர்:
இலங்கையில் 2017 இல் இருந்து ஆறாம் தரப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். முதல் முறை தாய்மார் நிறையக் கேள்வி கேட்டார்கள், வந்திருந்த மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னபிறகுதான் படிவத்தில் ஒப்பமிட்டார்கள். கூட்டத்துக்கு நர்ஸையோ டாக்டரையோ கட்டாயம் கூப்பிடுங்கள், தங்கச்சி.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மூன்று தெரு எண்ணிவிட்டோம், 9–14 இல் 38 பிள்ளைகள், 5 பேர் பள்ளியில் இல்லை. சூளைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகிறோம், அன்றைக்குத்தான் பெற்றோர் இருப்பார்கள்.