சந்தேகமான ஆக்களைப் பற்றிப் பொலிசுக்குச் சொன்னால் சட்டம் காக்குமா?

வாசிகசாலைப்பிள்ளை:
எங்கட சனசமூக நிலையத்துக்கு ஒரு அறிவித்தல் எழுதவேணும். களவு கூடினபடியால் "சந்தேகமான ஆக்களைக் கண்டால் உடனே அறிவியுங்கோ" எண்டு போடச் சொல்லுறாங்கள். சொன்னது பிழைச்சுப்போனால் சொன்னவர் மேல வழக்கு வருமா? பேர் வெளியில போகுமா? மற்றது, ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில இப்ப வாற படங்கள் முழுக்கப் பழைய இரும்பு எடுக்கிற முஸ்லிம் ஆக்களும் பாய் விக்கிற ஆக்களும்தான். அறிவித்தலை எப்பிடி எழுதினால் இது குறையும்?

சுன்னாகத்தான்:
பிழைச்சுப்போறதும் பொய் சொல்லுறதும் சட்டத்துக்கு ஒண்டில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 180ஆம் பிரிவு, பொய் எண்டு தெரிஞ்சு அல்லது நம்பி, இன்னொருத்தருக்குக் கெடுதல் வரப் பொலிசுக்குத் தகவல் குடுக்கிறவருக்கு. 208, நியாயமில்லை எண்டு தெரிஞ்சுகொண்டே குற்றம் சாட்டுறவருக்கு. கண்டதைக் கண்டபடி சொன்னவர் ரெண்டிலயும் மாட்டமாட்டார்.

அவதூறு 2002ஓட குற்றமில்லாமல் போச்சு, நட்டஈட்டு வழக்கு மட்டும் இருக்கு. பொலிசுக்குச் சொன்னதுக்கு அதில சலுகை (வழக்கில இருந்து தப்ப ஒரு பாதுகாப்பு) உண்டு, வன்மம் காட்டப்பட்டால் சலுகை போயிடும். அதே சொல்லைப் படத்தோட 200 பேர் உள்ள குழுவில போட்டால் அந்தச் சலுகையைக் கேக்கிறது பெரும்பாடு. இணையத்தில பொய்யான கூற்றுப் போடுறதுக்கு 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கு. பொலிசுக்குச் சொல்லக் கூச்சப்படுற ஆக்கள்தான் குழுவில தாராளமாப் போடுறது!

பேர் விஷயம்: தகவல் எங்கால வந்தது எண்டு சொல்லப் பொலிஸ் உத்தியோகத்தரைக் கட்டாயப்படுத்த ஏலாது (சான்றுக் கட்டளைச் சட்டம், 125). ஆனால் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு குடுத்துக் கையெழுத்து வைச்சால் நீங்கள் முறைப்பாட்டாளர், வழக்கு வந்தால் பேர் தெரியவரும். ஆகவே தகவல் சொல்லுறதோ, முறைப்பாடு குடுக்கிறதோ எண்டு முதலே தீர்மானியுங்கோ. சாட்சியை மிரட்டுறது 2023இன் 10ஆம் இலக்கச் சட்டத்தில தனிக் குற்றம்.

அயலவருக்கெண்டு ஒரு பொதுக் காப்புச் சட்டம் இல்லை. வங்கிகளுக்கு இருக்கு: 2006இன் 6ஆம் இலக்கச் சட்டப்படி சந்தேகமான கொடுக்கல் வாங்கலை நல்லெண்ணத்தோட மத்திய வங்கிக்கு அறிவிச்சால் வழக்கில்லை. அங்க சந்தேகம் காசின்ர போக்கில. ஒழுங்கையில அது ஆளின்ர முகத்தில ஏறிவிடுது.

கோப்பாய்க் கிறுக்கன்:
குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 32இல நம்பத்தகுந்த தகவல் கிடைச்சால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். நீங்கள் விட்ட ஒரு அடைமொழி அங்க போய் ஒருத்தற்ற கைவிலங்காகலாம். 2019 வைகாசியில ஹசலகவில ஒரு பெண்ணைப் பிடிச்சது உடுப்பில இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் எண்டு நினைச்சு. ரெண்டு கிழமைக்கு மேல மறியல். அதுக்குப் பாவிச்சது 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம் (ICCPR சட்டம்), இன, மத வெறுப்பைத் தூண்டுறதைத் தடுக்கிற பிரிவு உள்ள சட்டம்.

அறிவித்தலில "சந்தேகமான ஆள்" எண்ட சொல்லையே எடுத்துவிடுங்கோ. "சந்தேகமான செயல்" எண்டு போட்டு உதாரணம் குடுங்கோ: பூட்டின வீட்டுக் கேற்றை ஆட்டிப் பாக்கிறது, மதிலால எட்டிப் பாக்கிறது, ஒரே மோட்டச்சைக்கிள் இலக்கத்தகடு இல்லாமல் மூண்டு தரம் சுத்துறது. சொல்லவேண்டியது நேரம், இடம், செய்தது, வாகன இலக்கம், போன திசை. உயரம், உடுப்பு கடைசியில, அடையாளத்துக்கு மட்டும். சாதி, சமயம், "வெளியாள்" தேவையில்லை. அனுப்ப முதல் இதையே பக்கத்து வீட்டுப் பெடியன் செய்திருந்தால் அறிவிப்பீங்களோ எண்டு பாருங்கோ.

தலையாட்டி (முகத்தைச் சாக்கால மூடிக்கொண்டு ஆமிக்கு ஆக்களைக் காட்டிக்குடுத்தவர்) இருந்த ஊர் இந்த யாழ்ப்பாணம். சாக்குக்குள்ள இருந்து தலை ஆட்டினதுக்குக் காரணம் கேட்ட ஆள் இல்லை. 1990 ஐப்பசியில முஸ்லிம் சனத்தை வெளியேத்தின ஊரும் இதுதான். அந்தப் பின்னணியில அடையாளத்தை மட்டும் வைச்சுப் படம் போடுறது சின்ன விஷயமில்லை.

பண்ணைக்காற்று:
பிடிச்சு லைற் போஸ்றில கட்டுறதையும் எழுதுங்கோ. அதே நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 35ஆம் பிரிவில பொதுமகன் பிடிக்கலாம்தான், ஆனால் பிடியாணையில்லாமல் பிடிக்கக்கூடிய குற்றத்தைத் தன்ர கண்முன்னால செய்தவரை, அல்லது செய்திட்டு ஓடுறவர் எண்டு நியாயமாச் சந்தேகப்படுறவரை. உடனே ஒப்படைக்கவேணும். சும்மா நிண்டவரைக் கட்டினால் குற்றவாளி நீங்கள். 2011இல கிறீஸ் பூதம் (உடம்பில கிறீஸ் பூசிக்கொண்டு ராவில வாற ஆள் எண்ட பயம்) எண்டு துரத்தப் போய் நாவாந்துறைப் பெடியள் வாங்கின அடியை மறக்கக்கூடாது.

முறைப்பாட்டைத் தமிழில சொன்னால் அதே சட்டக்கோவை 109இன்படி தமிழில எழுதி வாசிச்சுக் காட்டவேணும். உத்தியோகத்தருக்குத் தமிழ் எழுதத் தெரியாட்டி நீங்களே எழுதிக் குடுக்கலாம். சிங்களத்தில எழுதினதுக்கு விளங்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ, "செய்தார் போல" எண்டது அங்க "செய்தார்" ஆகிவிடும்.

வாசிகசாலைப்பிள்ளை:
நன்றி. அறிவிக்காமல் விட்டால் குற்றம் எண்டு ஒருத்தர் வெருட்டுறார், உண்மையோ?

சுன்னாகத்தான்:
பாதி. நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 21ஆம் பிரிவு கொலை, கொள்ளை மாதிரிப் பட்டியலிட்ட குற்றங்கள் தெரிஞ்சால் அறிவிக்கச் சொல்லுது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 5இல அறிவிக்காட்டி 7 வருஷம் வரை. கனபேர் தேவையில்லாமல் ஓடிப்போய்ச் சொல்லுறது இந்தப் பயத்தில. பாய் விக்கிறவர் ஒழுங்கையால போறது ரெண்டிலயும் வராது. படங்களைக் குழுவில இருந்து அழிச்சுவிட்டு அறிவித்தலைப் போடுங்கோ, பொலிஸ் அவசர இலக்கம் 119ஐப் பெரிசா எழுதுங்கோ.