புதுப்பிப்பு: 1933 டபுள் ஈகிள், அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் விலக்கு?

1933-இல் அடித்துப் புழக்கத்துக்கு விடாமலே உருக்கிய டபுள் ஈகிள் என்ற அமெரிக்க 20 டாலர் தங்கக் காசைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். உருக்காமல் தப்பியவற்றில் தனியார் வைத்துக்கொள்ள ஒன்றுக்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது என்று பலரும் கேட்டிருந்தீர்கள்.

எல்லாம் ஒரு காகிதத்தால்தான். 1944-இல் எகிப்து மன்னர் பாரூக்குக்காக ஒரு காசை வெளியே கொண்டுபோக அமெரிக்கக் கருவூலமே ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டது, அது வெளியே வந்திருக்கவே கூடாத காசு என்று கொஞ்ச நாள் கழித்துத்தான் விழித்துக்கொண்டார்கள். 1996-இல் நியூயார்க்கில் அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் பிடித்தது அந்தக் காசைத்தான் என்பது பரவலான கருத்து. வழக்கு 2001-இல் சமரசமாகி, 2002 ஏலத்தில் அது சுமார் 75.9 லட்சம் டாலருக்குப் போனது. அப்புறம் அதைச் சட்டப்படி நாணயமாக்கக் கூடுதலாக ஒரு 20 டாலரும் கட்ட வேண்டியிருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இது. 2021-இல் அதே காசு சுமார் 1.89 கோடி டாலர்!

பிலடெல்பியா நகை வியாபாரி ஒருவரின் குடும்பத்திடம் கிடைத்த பத்துக் காசுகளுக்கு அப்படி எந்த உரிமமும் இல்லை. அசல்தானா என்று பார்க்கக் கொடுத்தார்கள், அரசு திருப்பித் தரவில்லை, 2017-இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்துவிட்டது. சரி, அவற்றையாவது உருக்காமல் வைத்திருக்கிறார்களே, எனக்கு அதில் பெரிய நிம்மதி.