மாதவிடாய் வலிக்குச் சுக்குக் கஷாயம்: எப்போது, எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 16 வயது. பூப்பெய்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாக, மாதவிடாயின் முதல் நாளில் அடிவயிற்று வலியும் குமட்டலும் தாங்காமல் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள். என் மாமியார் சுக்கும் சோம்பும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார். அது வயிற்றுக்கு இதமாக இருந்தாலும் வலி குறைவதில்லை என்கிறாள் மகள். மருத்துவர் மெஃபனமிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கஷாயத்தை எந்த அளவில், எப்போது கொடுத்தால் பயன் இருக்கும்? மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: செண்பகம்

வலி உச்சத்திற்கு வந்த பிறகு கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில், நாள் நெருங்கி இடுப்புக் கடுப்பு தொடங்கியதுமே கொடுத்துவிடுவோம். தோல் சீவிய சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, தட்டிய சோம்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றரை டம்ளர் நீரிலிட்டு, ஒரு டம்ளராக வற்றும் வரை சிறுதீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டிய பிறகே கருப்பட்டி சேர்க்க வேண்டும். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வதால் தோலைச் சீவாமல் நான் போடுவதே இல்லை. கருப்பட்டி சுவைக்காகத்தான், அதனால் வலி போகும் என்பதை நான் நம்புவதில்லை.

பதில்: வெண்கச்சை (செவிலியர்)

செண்பகம் அக்கா சொன்ன நேரக்கணக்கு சரியானது. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளே தசையை இறுக்கி வலியை உண்டாக்குகிறது. மாத்திரை அது உருவாவதைத் தடுப்பதால், வலி முற்றிய பின் விழுங்குவதைவிடத் தொடக்கத்திலேயே, உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது. இஞ்சிப் பொடியை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு நாட்களுக்கு, நாளொன்றுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் வரை கொடுத்து, வலி குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது பொடியை அப்படியே விழுங்கிய அளவு. வடிகட்டிக் குடிக்கும் கஷாயத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது வேறு கணக்கு. ஆகவே கஷாயத்தைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்த வேண்டாம். நெஞ்செரிச்சல் வந்தால் சுக்கின் அளவைக் குறையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சுக்கை மருந்தளவில் எடுக்கக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஓராண்டாகத்தான் இவ்வளவு வலி என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டீர்களா? மாத்திரைக்கும் வலி அடங்காவிட்டாலோ, மாதத்திற்கு மாதம் கூடினாலோ, நாப்கின் மணிக்கொன்றாக நனைந்தாலோ எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) போன்ற காரணம் உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் கஷாயத்தை மாற்றி மாற்றி வைத்துப் பயனில்லை.

பதில்: மல்லிகைப்பந்தல்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிலர் கஷாயத்தில் தேயிலையையும் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும் என்பதால், இரத்தசோகை உள்ள பெண்களுக்குச் சாப்பாட்டோடு அதைத் தர வேண்டாம்.

பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. வலி முற்றிய பிறகுதான் இரண்டையும் கொடுத்துவந்தோம் என்பது இப்போது புரிகிறது. அடுத்த மாதம் தொடக்கத்திலேயே மாத்திரையும், இடையில் கஷாயமும் கொடுத்துப் பார்க்கிறேன். வலி கூடிவருவதை மருத்துவரிடம் நான் சொல்லவில்லை; இந்த வாரமே மகளை அழைத்துச் செல்கிறேன். தோல் சீவும் செய்தியைப் படித்துக் காட்டியபோது, "இதைக்கூடவா கேட்டுத் தெரிந்துகொள்கிறாய்?" என்று மாமியார் சிரித்தார்.