புதுப்பிப்பு: மழைநீர் நிரப்பும் மீன் குளத்தில் பி.எச். ஏறி இறங்கியது, சரியாகிவிட்டது (பெங்களூரு)

மாடி மழைநீர் நிரப்பும் 2,000 லிட்டர் குளத்தில் விடியற்காலை பி.எச். (அமில-காரத் தன்மை) 6.2, சாயங்காலம் 8.8, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் இறங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பி.எச்.ஐ விடுங்க, முதல்ல கே.எச். பாருங்க" என்ற யோசனைதான் வேலை செய்தது.

கே.எச். என்பது பி.எச். ஆடாமல் தாங்கும் கார்பனேட்டின் அளவு; என் குளத்தில் அது வெறும் 1 டிகிரி. மழைநீரில் கார்பனேட் அநேகமாக இல்லை; இருப்பதையும் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும்போது ஃபில்டர் பாக்டீரியா தீர்த்துவிடுகிறது. பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுப்பதால் பி.எச். ஏறும், ராத்திரி அது சேர்ந்து இறங்கும். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை.

தீர்வு சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேண்டவே வேண்டாம். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கே.எச். சுமார் 1 டிகிரி ஏறும். நாளுக்கு 60 கிராம், வாளியில் கரைத்து, பம்ப் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றினேன். 5 டிகிரி வந்ததும் நிறுத்தம்.

எதிர்பாராதது ஒன்று: பி.எச். ஏறியதும் தண்ணீரிலிருந்த அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறி, மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. தீனியை நிறுத்தி, குளோரின் நீக்கிய காவேரிக் குழாய்த் தண்ணீர் கால்வாசி மாற்றியதும் தெளிந்தன. ஆகவே அம்மோனியா இருந்தால் முதலில் தண்ணீர் மாற்றுங்கள், சோடா பிறகு. கே.எச். நிலைத்தபின் பாக்டீரியா வேகம் பிடித்து அம்மோனியா பூஜ்யமானது.

இப்போது பி.எச். காலையில் 7.6, மாலையில் 8.2. கே.எச். குறையாமலிருக்க கிளிஞ்சல் ஓட்டுப் பையும் ஃபில்டரில் இருக்கிறது, ஆனால் பி.எச். 8 பக்கம் அது சரியாகக் கரையாது. பெருமழைக்குப் பின் கே.எச். கட்டாயம் அளக்க வேண்டும்.